இடமில்லை என்று சொன்னவர்கள்

எங்களிடம் ஒரு மோட்டார் ஹோம் இருக்கிறது என்று சொன்னால் ஊர்க்காரர் முதலில் சிரிப்பார்கள். "வீட்டை விட்டு ஓடி வந்ததுகளுக்கு ஓடுற வீடு ஒண்டு தேவைதான்" என்று ஒரு நண்பர் சொன்னது எங்கள் வட்டத்தில் இன்றும் பகிடியாக நிற்கிறது. பிள்ளைகள் வேலை தேடி வேறு நகரங்களுக்குப் போன பிறகு, பாவித்த வண்டியாக மலிவு விலைக்கு வாங்கினோம். 24 அடி நீளம். சாரதி ஆசனத்துக்கு மேலே பரண் போல ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, நடுவில் மடித்தால் கட்டிலாகும் ஒரு மேசை. ஒரு காஸ் அடுப்பு. உள்ளே நின்று திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும் ஒரு கழிவறை. ஆறு பேர் படுக்கலாம் என்று விற்றவர் சொன்னார். நாங்கள் இருவர் படுத்தாலே நெருக்கமாகத்தான் இருக்கும்.

இந்த வண்டிக்குள் ஓரிரவு பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒரு நாயும் இருந்தது. அதைப் பற்றி எழுதவேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தோம். எழுதாமல் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த இரவில் நாங்கள் நடந்துகொண்ட விதம் முழுவதும் பெருமையாகச் சொல்லக்கூடியதல்ல.

2021ம் ஆண்டு நவம்பர் 14ம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கம்லூப்சில் ஒரு நண்பரின் தாயாரின் அந்தியேட்டிக்குப் போய்விட்டு, வன்கூவர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நண்பரின் வீடு உறவினர்களால் நிறைந்திருந்ததால்தான் மோட்டார் ஹோமைக் கொண்டுபோனோம். அவர்களுக்குச் சுமை கொடுக்காமல் வாசலிலேயே நிறுத்தி அதற்குள் படுத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். இல்லாவிட்டால் நவம்பர் மாதத்தில் யாரும் இந்த வண்டியை வெளியே எடுப்பதில்லை. உறைகுளிரில் குழாய்கள் வெடித்துவிடும் என்று ஒக்ரோபரிலேயே தண்ணீரை வடித்துவிட்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு திரவத்தை விட்டு வைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் செய்திருந்தோம். குடிப்பதற்கு இரண்டு பெரிய போத்தல் தண்ணீர் மட்டும் இருந்தது.

கொக்கிஹாலா மலைப்பாதையில் இறங்கும்போதே மழை விடாமல் பெய்தது. எங்கள் ஊர் மாரிமழையைப் பார்த்தவர்களுக்கு மழை புதிதல்ல. ஆனால் இது வேறு மாதிரி. பசிபிக் சமுத்திரத்தின் வெப்பமான பகுதியிலிருந்து நீராவி ஒரு நீண்ட பட்டையாக வந்து மலைகளில் மோதிக் கொட்டுவதை வளிமண்டல ஆறு என்கிறார்கள். இலேசான வெப்பத்தோடு வருவதால் அது மலை உச்சியில் விழுந்திருந்த பனியையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்த ஆண்டுக் கோடையில் இதே மாகாணத்தில்தான் லிற்றன் என்ற சிற்றூரில் ஜூன் 29ம் திகதி வெப்பம் 49.6 பாகை வரை ஏறியது. கனடாவில் அதற்கு முன் அப்படி ஒரு வெப்பம் பதிவானதில்லை. அடுத்த நாள் அந்த ஊரே எரிந்தது. கோடை முழுவதும் மாகாணத்தின் மலைச்சரிவுகள் பல எரிந்தன. மரம் எரிந்தால் மண்ணைப் பிடித்திருக்கும் வேர் போகிறது. எரிந்த மண் தண்ணீரை உறிஞ்சாமல் வழியவிடுகிறது. கோடையில் நெருப்பு, மாரியில் வெள்ளம் என்று ஒரே ஆண்டில் இரண்டையும் இந்த மாகாணம் பார்த்தது.

ஹோப் என்ற சிறு நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மேற்கே போகும் 1ம் இலக்க நெடுஞ்சாலை மண்சரிவால் மூடப்பட்டிருந்தது. எல்லா வாகனங்களும் பிறேசர் ஆற்றின் வடகரையால் போகும் 7ம் இலக்கப் பாதைக்குத் திரும்பின. நாங்களும் திரும்பினோம். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் புகையிரதப் பாதையும் ஆறும். கொஞ்சத் தூரத்தில் முன்னால் போன வாகனங்களின் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. பாதையில் மண் விழுந்திருக்கிறது என்றார்கள். திரும்பிப் போவோம் என்று சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது பின்னாலும் விழுந்தது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? முதலில் மரங்கள் முறியும் சத்தம். பிறகு லொறி லொறியாகக் கல்லுக் கொட்டுவது போல ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. மழை மட்டும்.

இரண்டு சரிவுகளுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டோம். கைத்தொலைபேசியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. இரவில் யாரும் வரமாட்டார்கள், வாகனங்களுக்குள்ளேயே இருங்கள் என்ற செய்தி வாய்வழியாக வந்தது. மேலே இருக்கும் மலை இன்னும் வருமா வராதா என்பது யாருக்கும் தெரியாது.

முதல் தட்டு அப்போதுதான் கேட்டது.

உள்ளே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தோம். கதவில் இரண்டு தரம், மெதுவாக, யாரோ தட்டினார்கள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்களில் ஒருவரின் கை தானாகப் போய் விளக்கை அணைத்தது. மற்றவர் அடுப்பைக் குறைத்தார். இருட்டுக்குள் மூச்சுப் பேச்சில்லாமல் இருந்தோம். காலடிச் சத்தம் சேற்றுக்குள் சளக் சளக் என்று விலகிப் போனது.

ஏன் அப்படிச் செய்தோம் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் இராத்திரியில் படலை தட்டுப்பட்டால் விளக்கை அணைத்துப் பழகியவர்கள் நாங்கள். தட்டுவது ஆமியா, இயக்கமா, வேறு யாருமா என்று தெரியாத காலம் அது. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது என்று சொல்லலாம். சொல்லி ஆறுதல் அடையவும் பார்த்தோம். ஆனால் அது முழு உண்மையல்ல. வெப்பமூட்டி எவ்வளவு நேரம் ஓடும், தண்ணீர் எத்தனை பேருக்குக் காணும், பின்னால் கிடக்கும் புது மெத்தை என்னாகும் என்ற கணக்கும் அந்த இருட்டுக்குள் ஓடியது. இதை மறைத்து எழுதினால் மற்றதை எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

அரை மணித்தியாலம் கழித்து இரண்டாவது தட்டு. இது மெதுவான தட்டல்ல. உள்ளங்கையால் அடித்தார். விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தால், எங்களுக்குப் பின்னால் நின்ற பெரிய லொறியின் சாரதி. தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர், மழை அங்கியோடு நின்றார். "எனக்கு வேண்டாம், என் லொறிக்குள் படுக்கை இருக்கிறது" என்று முதலிலேயே சொன்னார். "அந்த நீலக் காரில் கைக்குழந்தை இருக்கிறது. காரின் கீழே தண்ணீர் ஓடுகிறது. இந்த வரிசையில் வீடு வைத்திருப்பது நீங்கள் மட்டும்தான்."

வீடு என்றுதான் சொன்னார். வண்டி என்று சொல்லவில்லை.

அந்தக் குழந்தையும் தாயும் தகப்பனும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் லொறிச் சாரதி கையைப் பிடித்துக் கூட்டி வந்தது வயது போன ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை. அவர்களோடு நனைந்த ஒரு நாயும் வந்தது. கிழவர் படியில் ஏறும்போது, "நான் முதலும் வந்து தட்டினேன், நீங்கள் நித்திரை போல" என்றார். "ஓம், நித்திரையாகிவிட்டோம்" என்று சொன்னோம். அவர் மனைவிக்கு நெஞ்சு வருத்தம் என்று பிறகு தெரிந்தது. அரை மணித்தியாலம் அந்த அம்மா குளிர்ந்த காருக்குள் இருந்திருக்கிறார். நாங்கள் சொன்ன பொய்யை அவர் நம்பினாரா என்று எங்களுக்குத் தெரியாது. அடுப்பில் அரைவாசி கொதித்த தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார் என்பது மட்டும் தெரியும்.

பிறகு ஹோப்பில் முதியோர் இல்லத்தில் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண். அதற்குப் பிறகு, தனியாக ஒரு புதுக் காரில் வந்த நடுத்தர வயதுக்காரர். காரில் பெற்றோல் முடியப்போகிறது என்றார். "கதவுப் பக்கம் நிற்கிறேன், உங்களுக்கு இடைஞ்சலாக இருக்க மாட்டேன்" என்று மூன்று முறை சொன்னார். எங்களோடு சேர்த்து ஒன்பது பேர்.

ஒன்பது பேர் ஏறிய பிறகுதான் ஒரு மோட்டார் ஹோம் எப்படி இயங்குகிறது என்பதே எங்களுக்குச் சரியாக விளங்கியது. வெப்பமூட்டி புரொப்பேன் வாயுவில் எரிகிறது. ஆனால் சூட்டை ஊதித் தள்ளும் காற்றாடி பற்றரியில் ஓடுகிறது. வாயு தாராளமாக இருந்தாலும் பற்றரி இறங்கினால் சூடு இல்லை. பற்றரியை ஏற்றும் ஜெனரேற்றர், வண்டியின் பெற்றோல் தாங்கியிலிருந்தே குடிக்கிறது. தாங்கி கால்வாசிக்கு வந்ததும் அது தானாக நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். வண்டி வீடு போய்ச் சேர எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவாம். எங்கள் தாங்கியில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. ஆகவே மணித்தியாலத்துக்குக் கால்மணி நேரம் மட்டும் வெப்பமூட்டியை ஓடவிடுவது என்று தீர்மானித்தோம். அதுவே போதுமாக இருந்தது. ஒரு மனிதர் சும்மா இருந்தாலே 100 வாட் மின்குமிழ் ஒன்றின் அளவு சூட்டை விடுகிறார் என்று சொல்வார்கள். ஒன்பது பேரும் ஒரு நாயும் இருந்த அந்தப் பெட்டி, அடுப்பில்லாமலே வெதுவெதுப்பாகியது. கண்ணாடிகளில் தண்ணீர் வழியத் தொடங்கியபோது கூரையில் இருக்கும் துவாரத்தை இரண்டு அங்குலம் திறந்து வைத்தோம். மூச்சுக்காற்று போய்வர வேண்டும்.

கழிவறைக்குத் தண்ணீர் இல்லை. வெளிப் பந்தலை ஒரு பக்கம் சரித்துவிட்டு அதன் கீழே வாளியை வைத்தோம். அந்த மழையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாளி நிரம்பியது. கிழவர் அந்த வேலையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பிலிப்பைன்ஸ் பெண் நெஞ்சு வருத்தக்கார அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். லொறிச் சாரதி காருக்குக் கார் போய், எஞ்சினை ஓடவிட்டபடி நித்திரையாக வேண்டாம், புகைக்குழாயைச் சேறு மூடியிருக்கிறதா என்று பாருங்கள், ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே கொன்றுவிடும்.

சாப்பாடு எங்களிடம் இருந்தது. அந்தியேட்டி வீட்டில் கட்டித் தந்த சோறு, பருப்பு, ஒரு பை நிறைய வடை. வடை என்னவென்று தெரியாமல் முதலில் முகர்ந்து பார்த்தார்கள். பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நாய்க்கும் கிடைத்தது. செத்தவரின் பேரில் சமைத்தது இப்படிப் போய்ச் சேர்ந்தது அந்தத் தாயாருக்குச் சந்தோசமாகத்தான் இருக்கும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

நடுச்சாமம் தாண்டியிருக்கும். குழந்தை ஒருவாறு நித்திரையாகி, எல்லோரும் சரிந்தும் சாய்ந்தும் கிடந்த நேரம். மூன்றாவது தட்டு.

கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர் புதுக் கார்க்காரர். கடைசியாக ஏறியவர். கதவைத் திறக்காமலே, கண்ணாடிக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார்: "மன்னிக்கவும், இங்கே நிறைந்துவிட்டது. வேறு எங்காவது பாருங்கள்."

எங்களுக்கு உடம்பு சில்லிட்டது. அவர் செய்த காரியத்துக்காக அல்ல. அந்தக் குரலை நாங்கள் முன்பே கேட்டிருந்தோம். அது எங்கள் குரல்.

1995ம் ஆண்டு ஒக்ரோபர் 30ம் திகதியை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கி சொன்ன அந்தப் பின்னேரத்தில், சில இலட்சம் சனங்களோடு நாங்களும் இறங்கினோம். ஒரு சைக்கிள். அதில் இரண்டு வயதுப் பிள்ளை, ஒரு சூட்கேஸ், எங்களில் ஒருவரின் தாய். நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம் ஆனது போல இருந்தது. மழை. குடை பிடிக்க இடமில்லாத சனம். மீசாலைக்குப் போய்ச் சேர அடுத்த நாள் இருட்டிவிட்டது.

தென்மராட்சிச் சனம் அன்று செய்ததை யாரும் மறக்க முடியாது. கோயில், பள்ளிக்கூடம், மாட்டுக்கொட்டில், விறாந்தை என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். ஆனால் எல்லாப் படலையும் ஒரே மாதிரித் திறக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். சில படலைகளில் முதலில் ஒரு கேள்வி வந்தது: "நீங்கள் எவடம்? ஆற்றை ஆக்கள்?" அந்தக் கேள்வி எதற்கானது என்பது யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும். அதற்குச் சரியான பதில் வைத்திருந்தவர்களுக்குக் கிணறும் கிடைத்தது. பதில் பிழைத்தவர்கள் கிணற்றடியில் மற்றவர் அள்ளி ஊற்றும்வரை நின்றார்கள். அரை மில்லியன் மனிதர் நடுத்தெருவில் நின்ற இரவிலும் அந்தக் கேள்விக்கு நேரம் இருந்தது.

நாங்கள் போன வீட்டில் ஒரு ஆச்சி இருந்தா. தனி ஆள். அவ ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளையை முதல்லை உள்ளை கொண்டு வா" என்று மட்டும் சொன்னா. அந்தச் சின்ன வீட்டில் ஏற்கெனவே முப்பது நாற்பது பேர். விறாந்தையின் ஓரத்தில் ஒரு பாய் அளவு இடம் கிடைத்தது. கூரையின் தாவாரம் ஒழுகினாலும் அது கூரைதான். ஈரச் சேலையைப் பிழிந்து கட்டிவிட்டுச் சரிந்தோம். எங்கள் இடம் என்ற எண்ணம் வருவதற்கு ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் போதுமாக இருந்தது.

சாமத்தில் படலை தட்டுப்பட்டது. ஒரு ஆண், சைக்கிள் கரியரில் ஒரு கிழவி, பக்கத்தில் இரண்டு பிள்ளைகள். விறாந்தை ஓரத்தில் கிடந்தவர்கள் நாங்கள் என்பதால் எங்களைப் பார்த்துத்தான் கேட்டார்கள். எங்களில் யார் சொன்னது என்பதை இன்றுவரை நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் போட்டதில்லை. இரண்டு பேரும்தான் சொன்னோம். "இஞ்சை இடமில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்ப் பாருங்கோ."

ஆச்சி குசினிக்குள்ளிருந்து அரிக்கன் லாம்போடு வந்தா. "ஆர் இடமில்லை எண்டு சொன்னது? நானோ சொன்னனான்?" என்றா. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ லாம்பை உயர்த்தி எங்கள் முகங்களைப் பார்த்தா. கோபமாகப் பார்க்கவில்லை. "நீங்கள் வரேக்கையும் இஞ்சை இடம் இருக்கேல்லைப் பிள்ளையள்" என்று சொல்லிவிட்டு, மழைக்குள் இறங்கிப்போய்ப் படலையைத் திறந்தா. அந்தக் கிழவியைத் தன் பாயில் படுக்கவைத்துவிட்டு, விடியும்வரை அடுப்படியில் குந்தியிருந்தா.

இருபத்தாறு வருசத்துக்குப் பிறகு, இன்னொரு மழை இரவில், வேறொரு மொழியில் அதே வசனம் எங்கள் வண்டிக்குள் கேட்டது. எங்களில் ஒருவர் எழும்பி, கால்களைத் தாண்டித் தாண்டிக் கதவடிக்குப் போனார். புதுக் கார்க்காரர், "உங்களுக்காகத்தான் சொன்னேன், உள்ளே இனி முடியாது" என்றார். அவருக்குச் சொன்ன பதில் எங்களுடையதல்ல, ஆச்சியினுடையது. "நீங்கள் வரும்போதும் இங்கே இடம் இருக்கவில்லை."

சொல்லும்போது அவரைக் குத்தவேண்டும் என்ற எண்ணம் இருக்கவில்லை. முதல் தட்டுக்கு விளக்கை அணைத்தவர்கள் யாரையும் குத்த முடியாது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு தானே கைபிடியைத் திருகிக் கதவைத் திறந்தார்.

வெளியே ஒரு தாயும் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவரும் நின்றார்கள். பின்னால் விழுந்த சரிவின் ஓரம் அவர்களுடைய காரைத் தள்ளியிருக்கிறது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, காட்டுக்கரையில் நின்றுவிட்டு, விளக்கு வெளிச்சம் தெரிந்த பக்கம் நடந்து வந்திருக்கிறார்கள். முழங்கால்வரை சேறு. மூத்த பையனின் நெற்றியில் கீறல். அந்தத் தாய் நடுங்கிக்கொண்டே "உங்கள் கம்பளம் பழுதாகிவிடும்" என்றார். புதுக் கார்க்காரர் தன் கோட்டைக் கழற்றி அவரின் தோளில் போட்டார். கிழவர் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்தார். பிலிப்பைன்ஸ் பெண் காயத்தைக் கழுவிக் கட்டினார். எங்கள் புது மெத்தையில் சேற்றோடு மூன்று பேர் படுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் இடம் இருந்தது. கால் நீட்ட இடமில்லை, அவ்வளவுதான்.

விடியவும் மழை குறைந்தது. வெளியே இறங்கிப் பார்த்தபோதுதான் எங்கே நின்றோம் என்பது தெரிந்தது. முன்னும் பின்னும் மரங்களும் பாறையும் சேறும் வீட்டளவு உயரத்துக்குக் கிடந்தன. பகலில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். ஹெலி வந்தால் பங்கருக்குள் ஓடிய உடம்பு இது. அது காப்பாற்ற வருவது என்று அறிவு சொல்லி முடிக்க முன்னர் முழங்கால் மடங்கிவிட்டது. கோமொக்ஸ் விமானப்படைத் தளத்திலிருந்து வந்த மஞ்சள் நிற ஹெலிகொப்டர்கள் அவை. அன்று அந்தப் பாதையிலிருந்து 300க்கு மேற்பட்ட மனிதரையும் அவர்களுடைய நாய்களையும் ஏற்றி இறக்கினார்கள். குழந்தையும் நெஞ்சு வருத்தக்கார அம்மாவும் முதலில் போனார்கள். வண்டியைப் பூட்டாமல் விட்டுவிட்டு நாங்களும் போனோம். பூட்டி என்ன செய்வது?

அந்த மழையில் 99ம் இலக்க நெடுஞ்சாலையில் நடந்த சரிவில் ஐந்து பேர் இறந்தார்கள். 17ம் திகதி மாகாணம் அவசரகால நிலையை அறிவித்தது. கொக்கிஹாலாப் பாதை பல இடங்களில் அறுந்து, டிசம்பர் 20ம் திகதிதான் பார வாகனங்களுக்குத் திறந்தது. ஹோப் நகரத்தில் ஆயிரம் பேரளவில் அகப்பட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் தேவாலயங்களிலும் படுத்தார்கள். அவர்களுக்குச் சறேயிலுள்ள துக் நிவாரண் சாகிப் குருத்துவாராவில் சீக்கியர்கள் இரவிரவாகச் சமைத்து, ஹெலிகொப்டரை வாடகைக்குப் பிடித்துச் சாப்பாடு அனுப்பினார்கள். அந்தச் செய்தியைப் பார்த்தபோது லொறிச் சாரதியை நினைத்தோம். அவர் அன்றிரவு எந்தக் காரையும் தட்டி நீங்கள் யார் என்று கேட்கவில்லை. எத்தனை பேர், குழந்தை உண்டா, வருத்தக்காரர் உண்டா என்று மட்டும்தான் கேட்டார்.

இதை ஒரு நல்ல காரியம் செய்த கதையாக எழுத எங்களால் முடியாது. இன்னொரு விசயமும் எங்களை உறுத்துகிறது. 2010ம் ஆண்டு ஓகஸ்ட் 13ம் திகதி, எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம், எஸ்குவைமோல்ற் துறைமுகத்துக்கு சன் சீ என்ற கப்பலில் 492 தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். பலர் மாதக்கணக்கில் தடுப்பில் கிடந்தார்கள். அந்த நாட்களில் எங்களவர்களின் பிறந்தநாள் விருந்துகளில் நாங்கள் கேட்ட பேச்சுகள் எங்களுக்கு ஞாபகம் இருக்கின்றன. "இதுகளாலை எங்களுக்கும் கெட்ட பேர்." "வரிசையிலை நிண்டு வரவேணும்." "இனி இஞ்சை இடமில்லை." சொன்னவர்கள் யார்? இன்னொருவரின் கடவுச்சீட்டில் வந்தவர்கள், விமான நிலையக் கழிவறையில் கடதாசியைக் கிழித்துப் போட்டவர்கள். 1998ல் நாங்கள் வந்ததும் அப்படித்தான். அந்த விருந்துகளில் நாங்கள் எதிர்த்துப் பேசவில்லை. சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினோம்.

அதற்கும் முன்னர், 1986ம் ஆண்டு ஓகஸ்டில், இந்த நாட்டின் மறுகரையில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டோல்ரன் என்ற மீன்பிடிப் படகோட்டியும் மற்ற மீனவர்களும் அவர்களைத் தூக்கி ஏற்றினார்கள். எங்கிருந்து வந்தார்கள், யார் கொண்டுவந்து விட்டது, சொல்வது உண்மையா பொய்யா என்ற விசாரணைகள் எல்லாம் கரைக்கு வந்த பிறகுதான். கேள்விகள் கேட்கக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆளை ஏற்றிய பிறகு கேட்கலாம். ஆச்சியும் அடுத்த நாள் காலை எங்களை ஊர், பேர், பிள்ளைக்கு எத்தனை வயது என்றெல்லாம் கேட்டா. பழஞ்சோற்றைக் கரைத்துத் தந்துவிட்டுத்தான் கேட்டா.

வீட்டுக்காரர் அல்ல, கடைசியாக உள்ளே வந்தவரே பெரும்பாலும் கதவைச் சாத்துகிறார். அவருக்குத்தான் இடம் போய்விடும் என்ற பயம் அதிகம். அந்தப் பயத்தை நாங்கள் அறிவோம். அதனால் அதன்மேல் எங்களுக்கு முழுக் கோபம் வருவதில்லை. ஆனால் அதற்குத் தலையாட்டுவதை நிறுத்தியிருக்கிறோம். விருந்துகளில் இப்போது பேசுகிறோம். எங்களைக் கூப்பிடுகிற விருந்துகள் கொஞ்சம் குறைந்துதான் இருக்கின்றன.

பாதை திறந்த பிறகு வண்டியை எடுத்துவந்து கழுவினோம். கம்பளத்தைக் கழற்றி எறிந்தோம். மெத்தையில் சேறு எவ்வளவு தேய்த்தும் முழுவதும் போகவில்லை. மேசைக்குக் கீழே ஒரு கைக்குழந்தையின் காலுறை கிடந்தது. யாருக்கு அனுப்புவது? பன்னிரண்டு பேர் ஓரிரவு முழுவதும் முழங்காலோடு முழங்கால் முட்டிக்கொண்டு இருந்தோம். ஒருவரின் முழுப்பேரும் ஒருவருக்குத் தெரியாது. முகவரியும் வாங்கவில்லை.

மீசாலை ஆச்சியின் பேரையும் நாங்கள் கேட்டு வைக்கவில்லை. மூன்று கிழமை அந்த விறாந்தையில் இருந்தோம். ஆச்சி என்றே கூப்பிட்டோம். பிறகு கிளாலியால் வன்னிக்குப் போனோம். அடுத்த வருசம் சண்டை தென்மராட்சிக்கு வந்தபோது அவ என்ன ஆனா என்பது தெரியாது. தேடிப் பார்த்தோம். பேர் தெரியாத ஒருவரை எப்படித் தேடுவது? காலுறையைக் கழுவி வண்டியின் கதவுக்கு மேலே கொழுவி வைத்திருக்கிறோம்.